காட்டுச் சாலையில் ஓடைப் பாலங்களை மாற்றுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி, வால்பாறை, மேகமலை, களக்காடு என்று மேற்குத் தொடர்ச்சி மலையில் எங்கே போனாலும், காட்டுச் சாலை ஓடையைத் தாண்டும் இடத்தில் பெரும்பாலும் ஒரு ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) சிறுபாலம் இருக்கும். ஜீப் போனால் போதும் என்று போட்டது. இன்று அதே சாலையில் லாரியும் ஆம்புலன்ஸும் போகின்றன. இந்தப் பாலங்களை மாற்றும்போது வனப் பணியாளர்கள், ஊராட்சிப் பொறியாளர்கள், ஒப்பந்ததாரர்கள், எஸ்டேட் மேற்பார்வையாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

பாலத்தை மாற்றியே ஆக வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

சாலையில் நின்று பார்த்தால் தெரியாது. கீழே இறங்கி, தண்ணீர் வெளியேறும் வாயை முதலில் பாருங்கள். குழாயின் அடிமட்டம் ஓடைத் தரையைவிட உயர்ந்து, தண்ணீர் அருவிபோல் விழுந்து கீழே குழி பறித்திருந்தால், அந்தக் குழாய் ஓடையைவிடக் குறுகலானது என்று அர்த்தம். குறுகிய வாயில் வேகமெடுத்த தண்ணீர், வெளியே வந்ததும் தரையைத் தோண்டிவிடுகிறது.

அடுத்து மேல்பக்கம். அங்கே மணலும் கூழாங்கல்லும் விசிறிபோலப் பரந்து, ஓடை இயல்பைவிட அகலமாக, தட்டையாகக் கிடந்தால், வெள்ளத்தின்போது அங்கே தண்ணீர் குளம்போல் தேங்குகிறது. பிறகு டார்ச் அடித்துக் குழாயின் உள்ளே பாருங்கள். காலர் இணைப்பு (குழாய்த் துண்டுகளைச் சேர்க்கும் வளையம்) விலகி மண் கொட்டுகிறதா? குழாய்க்கு வெளியே, மண்ணுக்கும் குழாய்க்கும் நடுவில் தண்ணீர் கசிகிறதா? அப்படிக் கசிந்தால் மண் உள்ளுக்குள்ளேயே அரித்துப் போய்க்கொண்டிருக்கிறது. சாலையில் சிறு பள்ளமாகத் தெரிவது ஒரு மழையில் முழுவதுமாக உள்வாங்கிவிடும். இந்த ஓர் அறிகுறி இருந்தாலே, மற்றவற்றுக்குக் காத்திருக்காமல் கனரக வண்டிகளை நிறுத்துங்கள்.

தண்ணீர் அதிகமாக வந்ததால்தானே பாலம் உடைகிறது? ஒரு சைஸ் பெரிய குழாய் போட்டால் போதாதா?

காட்டோடையில் தண்ணீர் தனியாக வருவதில்லை. விழுந்த மரம், வேர்க்கட்டை, மூங்கில், இலைச்சருகு, உருண்டு வரும் பாறை எல்லாம் சேர்ந்து வருகின்றன. குழாயின் வாயில் ஒரு கட்டை குறுக்கே சிக்கினால் போதும். அதில் சருகு படியும், சருகில் மணல் படியும், அரை மணி நேரத்தில் வாய் மூடிவிடும். பிறகு தண்ணீர் சாலைமேல் ஏறி, கீழ்ப்பக்கச் சரிவை அரித்து, பாலத்தோடு சாலையையும் கொண்டுபோய்விடும். தண்ணீரின் கொள்ளளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்ட குழாய்கள் இப்படித்தான் தோற்கின்றன.

ஆகவே குழாயின் சைஸைப் பிறகு பார்ப்போம். முதலில் ஓடையின் அகலத்தைப் பாருங்கள். கரை முட்ட ஓடும் வெள்ளமும் அதில் மிதந்து வரும் கட்டையும் எங்கும் இடிக்காமல் பாலத்தைத் தாண்ட வேண்டும்.

அந்த அகலத்தை எப்படி அளப்பது?

கரைமுட்டு அகலம் என்பது, ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும் வழக்கமான வெள்ளம் கரை விளிம்பைத் தொடும்போது இருக்கும் அகலம். கோடையில் வற்றிக் கிடக்கும் ஓடையிலும் அதன் தடம் இருக்கும். கரைச் சரிவு திடீரென மாறும் இடம், பாறையில் பாசி நிற்கும் கோடு, நிலையான செடிகள் தொடங்கும் மட்டம், கழுவப்பட்டு வெளியே தொங்கும் வேர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

பழைய பாலத்துக்குப் பக்கத்தில் அளக்காதீர்கள். அந்த இடத்தை ஏற்கெனவே பாலம் கெடுத்துவிட்டது. அதன் பாதிப்பு தெரியாத தூரத்துக்கு மேலே போய், ஐந்திலிருந்து பத்து இடங்களில் டேப் பிடித்து அளந்து சராசரி எடுங்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சால்மன் மீன்கள் ஏறிப்போகும் ஓடைகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: கரைமுட்டு அகலத்தை 1.2-ஆல் பெருக்கி, 60 செ.மீ. கூட்ட வேண்டும். நம் மலையோடைகளுக்கும் இது நல்ல தொடக்க அளவு. கரைமுட்டு அகலம் 1.8 மீட்டர் என்றால் 2.76 வரும், 3 மீட்டர் பாலம் போடுங்கள்.

அகலத்தோடு சரிவையும் எடுக்க வேண்டும். ஆட்டோ லெவல் (மட்டம் பார்க்கும் கருவி) வைத்து, பாலத்துக்கு மேலே 30 மீட்டர், கீழே 30 மீட்டராவது ஓடைத் தரையின் மட்டத்தை இரண்டு மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்து வரையுங்கள். மேலும் கீழும் உள்ள இயல்பான தரையைக் கோடு போட்டு இணைத்தால், பழைய குழாய் எவ்வளவு தூக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பது தாளில் பளிச்சென்று தெரியும். புதிய பாலத்தின் தரை அந்தக் கோட்டில்தான் அமைய வேண்டும்.

வெள்ளத்தின் அளவைக் கணக்கிட வேண்டாமா?

கட்டாயம் கணக்கிட வேண்டும். அகலத்தை ஓடை சொல்லும், உயரத்தைச் சரிபார்க்க வெள்ளக் கணக்கு வேண்டும். சிறிய நீர்ப்பிடிப்புக்கு இரண்டு வழிகளிலும் போட்டுப் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

40 ஹெக்டேர் காட்டுச் சரிவு என்று வைப்போம். முதல் வழி: வழிந்தோடும் விகிதம் (பெய்த மழையில் ஓடைக்கு வந்து சேரும் பங்கு) × மழையின் தீவிரம் × பரப்பு ÷ 360. விகிதம் 0.4, மணிக்கு 80 மி.மீ. மழை என்றால், விநாடிக்குச் சுமார் 3.6 கன மீட்டர். இரண்டாவது வழி, பழைய சென்னை மாகாணத்துக்கென்றே உருவான ரைவ்ஸ் சூத்திரம்: பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதன் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு மாறிலியால் பெருக்க வேண்டும். மலைப்பகுதிக்கு மாறிலி சுமார் 10. இங்கே 0.4 சதுர கிலோமீட்டருக்கு 5.4 கன மீட்டர் வருகிறது. இதையே எடுங்கள்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். 1000 மி.மீ. குழாய், வாய் மூழ்காத நிலையில் சுமார் 1.3 கன மீட்டர்தான் விடும், 1200 மி.மீ. குழாய் சுமார் 2.1. மூன்று மீட்டர் அகலப் பாலத்திலோ 5.4 கன மீட்டர் வரும்போது வாயில் தண்ணீர் சுமார் 1.1 மீட்டர்தான் நிற்கும். உள்ளுயரம் ஒன்றரை மீட்டர் வைத்தால், மிதந்து வரும் கட்டைக்கு 40 செ.மீ. மிச்சம் இருக்கிறது. அந்த மிச்சத்தைச் சிக்கனம் என்று குறைத்துவிடாதீர்கள். 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. பத்து வருடச் சராசரியை வைத்துப் போட்ட எந்தக் குழாயும் அப்படி ஒரு நாளைத் தாங்காது.

அகலமான பாலத்துக்குப் பதில் மூன்று குழாய்களை வரிசையாகப் போட்டால் என்ன?

வேண்டாம். இரண்டு குழாய்களுக்கு நடுவில் இருக்கும் சுவர்தான் கட்டை சிக்கும் முதல் இடம். ஓடையும் ஒரு குழாயைத்தான் தேர்ந்தெடுக்கும். மற்றவை மண் நிரம்பிக் கிடக்கும். காகிதத்தில் மூன்று குழாய், காட்டில் ஒன்று.

அப்படியென்றால் எந்த வகைப் பாலம் நல்லது?

ஓடையில் பாறை தெரிந்தால், இரு பக்கமும் கருங்கல் அல்லது கான்கிரீட் சுவர் எழுப்பி மேலே ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) ஸ்லாப் போடும் பாலமே எங்கள் முதல் தேர்வு. ஓடைத் தரையைத் தொடவே வேண்டியதில்லை. அது இருந்தபடியே இருக்கும். அஸ்திவாரத்தைக் கெட்டிப் பாறையில் 60 செ.மீ. குடைந்து வையுங்கள். மண் என்றால் ஓடையின் மிகத் தாழ்ந்த மட்டத்திலிருந்து ஒன்றரை மீட்டருக்குக் குறையாத ஆழம் வேண்டும். ஸ்லாப்பின் தடிமனுக்கும் கம்பிக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் எஸ்.பி. 13 வழிகாட்டி இருக்கிறது. மேஸ்திரியின் அனுபவத்தை மட்டும் நம்பிக் கம்பி கட்டக் கூடாது.

தரை மண்ணாகவும் ஆழத்தில் பாறை கிடைக்காமலும் இருந்தால் பெட்டிப் பாலம், அதாவது அடி, பக்கம், மேல் எல்லாம் ஒரே கான்கிரீட் பெட்டியாக அமைவது. எடை முழு அடிப்பலகையிலும் பரவுவதால் இளகிய மண்ணிலும் நிற்கும். ஆனால் பெட்டியின் அடிப்பலகையை ஓடைத் தரைக்குக் கீழே 40 முதல் 60 செ.மீ. புதைத்து, அதன்மேல் ஓடைக்கல்லை நிரப்ப வேண்டும். இதை விட்டுவிட்டால் வழவழப்பான கான்கிரீட்டில் தண்ணீர் சறுக்கிப் போய், மறுபடியும் வெளிவாயில் குழி விழும்.

ஒற்றைக் குழாய் ஒரு மீட்டருக்கும் குறுகலான சிற்றோடைக்கும், பக்கக் கால்வாய் நீரைச் சாலைக்கு அடியில் கடத்துவதற்கும் சரி. 900 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். ஆள் உள்ளே நுழைந்து தூர் வார முடியாத குழாயை யாரும் தூர் வார மாட்டார்கள்.

பெரும் பாறைகளை உருட்டிக்கொண்டு வரும் செங்குத்தான ஓடைகளில் தரைப்பாலம் நல்லது. வெள்ளம் மேலேறிப் போய்விடும், எதுவும் சிக்காது. ஆனால் அந்தச் சாலையை நம்பி ஒரு குடியிருப்பு இருந்தால், வெள்ளநாளில் பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் எப்படிப் போவார்கள் என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்?

மேற்குச் சரிவில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். கிழக்குச் சரிவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. இரண்டுக்கும் பொதுவாகக் கிடைப்பது ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் நடு வரை. அதற்குப் பின் கோடை இடிமழை எந்த மாலையும் வரலாம். ஸ்லாப் போட்டால் வண்டி விட 28 நாள் காத்திருக்க வேண்டும் என்பதால், பிப்ரவரிக்குள் தோண்டத் தொடங்காத வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவதே புத்தி. பாதி திறந்து கிடக்கும் ஓடைமேல் முதல் மழை பெய்தால் வரும் சேதம் பழைய பாலத்தால் வருவதைவிடப் பெரிது.

இதே மாதங்கள்தான் காட்டுத்தீக்காலம். விலங்குகள் தண்ணீர் தேடி ஓடைக்கு வரும் காலமும்கூட. மாவட்ட வன அலுவலரின் எழுத்துபூர்வமான அனுமதி, வேலை நேரம், சமையல் நெருப்புக்குத் தடை, இரவுத் தங்கலுக்குத் தடை இவையெல்லாம் இயந்திரம் மலையேறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது ஓடைத் தண்ணீரை என்ன செய்வது?

முதலில் அளந்து பாருங்கள். தண்ணீர் ஒடுங்கி விழும் இடத்தில் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடித்து, எத்தனை விநாடியில் நிரம்புகிறது என்று எண்ணுங்கள். நான்கு விநாடி என்றால் விநாடிக்கு ஐந்து லிட்டர். அதற்கு 150 மி.மீ. பி.வி.சி. குழாய் ஒன்று தாராளம்.

வேலையிடத்துக்குப் பத்து மீட்டர் மேலே, மணல் மூட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, முன்பக்கம் தார்ப்பாயை ஓடைத் தரைவரை விரித்து, அதன் ஓரத்தில் கல் வைத்து அழுத்துங்கள். மூட்டைக்கு நடுவே குழாயைச் சொருகி, தண்ணீரை வேலையிடத்தைத் தாண்டிக் கீழே கொண்டுபோய், கல்லடுக்கின்மேல் விழச் செய்யுங்கள். சரிவு இருந்தால் பம்ப் தேவையில்லை. இருந்தாலும் தோண்டிய குழியில் ஊறும் கலங்கல் நீரை இறைக்க ஒரு சிறு பம்ப் வேண்டும். அந்த நீரை ஓடையில் விடாதீர்கள். 20 மீட்டராவது தள்ளிக் காட்டுத்தரையில் விட்டால், சருகு அதை வடிகட்டிவிடும்.

தண்ணீரை அடைக்கும் முன், வேலைப் பகுதியின் மேலும் கீழும் கொசுவலை கட்டி, நடுவில் மாட்டிய மீனையும் தலைப்பிரட்டையையும் வாளியில் அள்ளி மேலே விடுங்கள். ஒரு மணி நேர வேலைதான்.

ஹியூம் பைப் பதிக்கும்போது எங்கே தவறு நடக்கிறது?

பெரும்பாலும் குழாய்க்கு அடியிலும் பக்கங்களிலும். குழாய் உடைவது மேலே ஏறும் எடையால் மட்டும் அல்ல, கீழே சரியான தாங்கல் இல்லாததாலும்தான்.

முதலில் நீளம். சாலையின் மொத்த அகலம் 5 மீட்டர், குழாயின் அடியிலிருந்து சாலை மட்டம் 2.2 மீட்டர், பக்கச் சரிவு ஒன்றுக்கு ஒன்றரை என்றால், 5 + 3.3 + 3.3 = 11.6 மீட்டர். இரண்டரை மீட்டர் துண்டுகள் ஐந்து வேண்டும். நான்கோடு நிறுத்தினால் சரிவு செங்குத்தாகி, முதல் மழையிலேயே மண் வாயில் சரியும். முகப்புச் சுவர் கட்டினால் நீளம் குறையும்.

1000 மி.மீ. என்.பி.3 வகை (கம்பி வைத்த கான்கிரீட்) குழாய்த் துண்டு ஒன்று சுமார் இரண்டரை டன். அதைத் தூக்கி எட்டி வைக்கச் சாதாரண ஜேசிபி திணறும். 20 டன் ஹிட்டாச்சி அல்லது ஹைட்ரா கிரேன் கொண்டுவர வழி இருக்கிறதா, வழியில் உள்ள மற்றப் பாலங்கள் அதைத் தாங்குமா என்று முன்னதாகவே பாருங்கள்.

குழியின் அடியில் பாறைமுனை இருந்தால் உடைத்தெடுத்து, 150 மி.மீ. கனத்துக்குக் கிராவலோ எம்15 கான்கிரீட்டோ போட்டுச் சரிவைச் சரிபாருங்கள். கீழ்வாயிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் பதிக்க வேண்டும். சாக்கெட் (அடுத்த துண்டு நுழையும் அகன்ற முனை) உள்ள குழாய் என்றால் அதன் அகன்ற பக்கம் மேல்நோக்கி இருக்கட்டும்.

அடுத்தது மண் நிரப்புவது. அவசரம் எல்லாம் இங்கேதான் வரும். குழாயின் கீழ்ப்பாதியில், வளைவுக்கு அடியில், இயந்திரம் மண்ணைத் திணிக்க முடியாது. ஆள் இறங்கிக் கட்டையால் குத்தித் திணிக்க வேண்டும். பிறகு 150 மி.மீ. அடுக்கு அடுக்காக, இரண்டு பக்கமும் மாறி மாறி, ராம்மர் (மண்ணைக் குத்தி இறுக்கும் இயந்திரம்) ஓட்டி இறுக்குங்கள். ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட 30 செ.மீ.க்கு மேல் உயர்ந்தால் குழாய் நகர்ந்து காலர் விலகும். குழாயை ஒட்டி 75 மி.மீ.க்குப் பெரிய கல் கூடாது. மண் லேசான ஈரத்தோடு இருக்கட்டும். கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது. குழாய்க்கு மேலே 60 செ.மீ. மண் ஏறும்வரை லாரியை விடாதீர்கள்.

மேல்வாயிலும் கீழ்வாயிலும் ஓடைக்குக் குறுக்கே, தரைக்குக் கீழே ஒரு மீட்டருக்காவது தடுப்புச்சுவர் இறங்க வேண்டும். இது கண்ணுக்குத் தெரியாத பகுதி என்பதால் அடிக்கடி விட்டுப்போகிறது. இது இல்லாத பாலங்களில்தான் தண்ணீர் குழாய்க்கு அடியில் வழி கண்டுபிடிக்கிறது.

பெட்டிக்குள் கல் நிரப்புவது என்றால் ஜல்லியைக் கொட்டினால் போதுமா?

போதாது. ஒரே அளவு ஜல்லியைக் கொட்டினால் கோடையில் தண்ணீர் முழுவதும் கல்லிடுக்கில் இறங்கி மறைந்துவிடும். மேலே ஓடை இருக்காது. பெரிய கல், தலையளவுக் கல், கூழாங்கல், மணல், களிமண் கலந்த பொடி என்று ஓடையில் இருக்கும் எல்லா அளவும் கலந்திருக்க வேண்டும். வெள்ளத்திலும் அசையாமல் இருக்கும் ஓடைக்கல் எந்த அளவு என்று பார்த்து, அந்த அளவுக் கற்களை முதலில் அடிப்பலகையில் ஆங்காங்கே பதியுங்கள். இடைவெளியை மற்றவற்றால் நிரப்புங்கள். 30 செ.மீ.க்கு ஒரு முறை குழாயால் தண்ணீர் பீச்சி, பொடியை இடுக்குகளில் இறக்குங்கள். பீச்சிய தண்ணீர் மேலேயே நின்று ஓடத் தொடங்கினால் அடுக்கு சரியாகிவிட்டது.

3 மீட்டர் அகலம், 8 மீட்டர் நீளம், 60 செ.மீ. ஆழம் என்றால் 14.4 கன மீட்டர். இறுகுவதற்கும் சேர்த்து 17 கன மீட்டர் தேவைப்படும். இந்தக் கல்லை ஓடையிலிருந்தே அள்ளிவிடக் கூடாது. அங்கே அள்ளினால் அங்கே அரிக்கும்.

மீனும் தவளையும் அவ்வளவு முக்கியமா?

இந்த மலையோடைகளில் முக்கியம். பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு நீரோட்டத்தை எதிர்த்து ஏறும் சிறு மீன்கள் இங்கே உண்டு. 2017-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் காட்டிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமான ஊதாத் தவளையினத்தின் தலைப்பிரட்டைகளும் வேகமாக ஓடும் ஓடையில் பாறையைப் பற்றியே வளர்கின்றன. அரையடி உயரத்திலிருந்து விழும் குழாய்வாய் இந்தச் சிறு உயிர்களுக்கு ஓர் அணை. மேல் ஓடையில் வறட்சியால் மீன் அழிந்தால், கீழேயிருந்து திரும்ப ஏறி வர வழியில்லை. பச்சைக் கான்கிரீட் கழுவிய தண்ணீரும் அப்படியே. அதன் காரத்தன்மை மீனின் செவுளைப் பொசுக்கிவிடும். கலவை இயந்திரத்தை ஓடையில் கழுவ விடாதீர்கள்.

யானை நடமாடும் இடத்தில் தனியாக என்ன கவனிக்க வேண்டும்?

இரவில் குழியைத் திறந்து விட்டுப் போகக் கூடாது. மூட முடியாவிட்டால் ஒரு பக்கத்தைச் சாய்தளமாக வெட்டிவிடுங்கள். குட்டி விழுந்தாலும் ஏறி வந்துவிடும். இறக்கைச் சுவர்களையும் (பாலத்தின் வாயில் இரு பக்கமும் விரியும் சுவர்கள்) பக்கக் கால்வாயையும் செங்குத்தாக நீளக் கட்டாமல், யானைத் தடம் குறுக்கிடும் இடங்களில் சரிவாக விடுங்கள். கட்டுக்கம்பித் துண்டு, சிமென்ட் சாக்கு, சாப்பாட்டுப் பொட்டலம் எதுவும் அங்கே தங்கக் கூடாது.

பழைய குழாயை எடுத்ததும் மேலே தேங்கிய மண் என்ன ஆகும்?

இத்தனை வருடம் குழாய் பிடித்துவைத்திருந்த மண் அடுத்த வெள்ளத்தில் இறங்கும். ஓடைத் தரை மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும். தேக்கம் சிறிது என்றால் அப்படியே விடலாம், ஓடை தானே சரிசெய்துகொள்ளும். அரை மீட்டருக்கு மேல் என்றால், வேலையின்போதே இயல்பான சரிவுக் கோடுவரை மண்ணை வெட்டி எடுத்து, ஓடைக்கு வெளியே கொட்டுங்கள். பிறகு பெரிய கற்களைக் குறுக்கு வரிசையாகப் புதைத்துச் சிறு படிகள் அமையுங்கள். ஒரு படி 15 செ.மீ.க்கு மேல் உயர வேண்டாம்.

எவ்வளவு பெரிதாகக் கட்டினாலும் ஒரு நாள் அடைத்துக்கொண்டால்?

அந்த நாளுக்கும் வழி வைக்க வேண்டும். சாலை ஒரே பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தால், பாலத்தில் ஏறிய வெள்ளம் ஓடைக்குத் திரும்பாமல் சாலையையே வாய்க்காலாக்கிக்கொண்டு ஓடும். எங்கோ நூறு மீட்டர் தள்ளி, ஓடையே இல்லாத சரிவில் இறங்கிப் பெரிய மண்சரிவை உண்டாக்கும். மலைச்சாலைகள் நீளமாக அறுந்துபோவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

தடுப்பது எளிது. பாலத்துக்கு மேல், அல்லது சாலை இறங்கும் பக்கத்தில் பாலத்தை ஒட்டி, சாலையில் ஓர் அகலமான தாழ்வு விடுங்கள். வண்டி தட்டாமல் ஏறி இறங்கும் நீளத்தில், 30 செ.மீ. ஆழம் இருந்தால் போதும். அந்த இடத்தின் கீழ்ச்சரிவில் பெருங்கல் பாவுங்கள். மேலேறிய தண்ணீர் அதே ஓடையில் விழுந்துவிடும். ஒரு பொக்லைனுக்கு அரைநாள் வேலை. பாலத்தை மாற்றப் பணம் இல்லாத வருடத்திலும் இதை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

பக்கக் கால்வாய் நீரை ஓடையிலேயே விடலாமா?

கூடாது. சாலை மண் முழுவதும் ஓடையில் போய்ச் சேரும். ஓடைக்கு 20, 30 மீட்டர் முன்பே ஒரு குறுக்குக் குழாய் வைத்துக் காட்டுத்தரையில் திருப்பிவிடுங்கள்.

கட்டி முடித்த பிறகு என்ன பராமரிப்பு?

மே மாதக் கடைசியில் ஒரு முறை, செப்டம்பர் கடைசியில் ஒரு முறை, பெருமழைக்கு மறுநாள் ஒவ்வொரு முறையும் போய்ப் பாருங்கள். மேல்வாயின் குறுக்கே கிடக்கும் கட்டையை மட்டும் எடுங்கள். ஓடையில் மேலே இயல்பாகக் கிடக்கும் மரங்களை இழுத்துப் போட வேண்டாம்; அவை மணலைப் பிடித்துவைக்கின்றன. மேல்வாயில் இரும்புக் கம்பிச் சட்டம் பொருத்தச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். தினமும் சுத்தம் செய்ய ஆள் இல்லாத காட்டில் அந்தச் சட்டமே அடைப்பாகிவிடும்.

முதல் பருவமழை முடிந்ததும் கட்டும்போது எடுத்த மட்டங்களை அதே புள்ளிகளில் மறுபடி எடுங்கள். வெளிவாயில் தரை 20 செ.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால், அந்தக் கோடையிலேயே கல் போட்டுச் சரிசெய்ய வேண்டும். இதற்காக முகப்புச் சுவரின் மேல் ஒரு மட்டக்குறியைப் பெயின்டில் போட்டு, அளவுகளைப் பாலத்தின் எண்ணோடு ரேஞ்ச் அலுவலகப் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.